கோடு போட்ட இடங்கள்

நானாவிடம் எதையாவது சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை அவரே புரிந்துகொள்வார் என்று விட்டால் அன்றைய காரியம் போச்சு. "அந்த இத கொஞ்சம் எடுங்க நானா" என்று நாமெல்லாம் சொல்வோமே, அப்படிச் சொன்னால் அசையாமல் நிற்பார். எதைக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியும். குறடு கண்ணுக்கு முன்னால்தான் கிடக்கும். இருந்தாலும், "எத எண்டு நீங்க செல்லல்லயே தம்பி" என்பார்.

பசறை பஜாரில் அவருக்கு மின்சாமான் கடை இருந்தது. மாடியின் பின் அறையில் நான் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். பதுளையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. சிங்களக் கடிதத்தைத் தமிழாக்குவது, தமிழ் மனுவைச் சிங்களமாக்குவது. காலையில் பஸ் ஏறினால் மாலையில்தான் திரும்புவேன். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் நூறு நானா இருந்தாலும், பஜாரில் வெறுமனே "நானா" என்றால் அது அவர்தான். பெயர் கடைப் பலகையில் இருந்தது, யாரும் வாசித்ததில்லை.

என் அறைக்கு அடுத்தது அவருடைய ரேடியோ அறை. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, தன் சொந்த மெஷினில் பேசி, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கிற இன்னொரு லைசன்ஸ்காரர் பேசுவதைக் கேட்கிற அமெச்சூர் ரேடியோ. மலைகளுக்கு நடுவே ஒரு குழியில் கிடக்கிற ஊரிலிருந்து இதைச் செய்வது ஊசியால் கிணறு தோண்டுகிற வேலை. நானாவுக்கு அதில்தான் ருசி. சத்தமாக, தெளிவாக வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசி முடித்துவிடுவார். இரைச்சலுக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கிற குரலுக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பார்.

முதல் தடவை ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டபோது எனக்குக் கேட்டது தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல் மட்டும்தான். சத்தத்தைக் கூட்டக் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"கூட்டாதீங்க. கூட்டினா இரைச்சலும் சேந்து கூடும். கொறைங்க."

"கொறச்சா ஒண்ணுமே கேக்காதே நானா?"

"கொறச்சிட்டு சும்மா இரிங்க. தேடாதீங்க. தேடினா இல்லாததெல்லாம் கேக்கும்."

சும்மா இருப்பது எனக்குக் கைவராத வித்தை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் அந்த மழைக்குள்ளே யாரோ ஒருவர் ஒரே எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. நானா கண்ணை மூடிக்கொண்டே பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரம், எந்த அலைவரிசையில் கேட்டது, என்ன கேட்டது என்று மூன்று பத்தி. கேட்ட எழுத்தை எழுதுவார். கேட்காத எழுத்துக்கு ஒரு சின்னக் கோடு போடுவார். சில பக்கங்களில் எழுத்தைவிடக் கோடுதான் அதிகம்.

ஒரு தடவை தூரதேசத்துக்காரர் ஒருவரின் அழைப்புக் குறியில், அதாவது லைசன்ஸோடு தருகிற எழுத்துப் பெயரில், கடைசி எழுத்து மட்டும் கேட்கவில்லை. கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. மொழிபெயர்க்கிறவனுக்கு ஓர் இடம் காலியாக இருந்தால் கை அரிக்கும். மனுவில் மழைத்தண்ணீர் பட்டு ஒரு சொல் அழிந்திருந்தால் முன்னும் பின்னும் பார்த்து நானே போட்டுவிடுவேன். அதற்காக என்னை மெச்சியிருக்கிறார்களே தவிர யாரும் திட்டியதில்லை. போனில் தேடிப் பார்த்தேன். அந்த எழுத்துகளில் தொடங்கி, அவர் சொன்ன ஊரில் இருக்கிறவர் ஒரே ஒருவர்தான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? கோட்டுக்கு மேலே அந்த எழுத்தைப் போட்டுவைத்தேன்.

மறுநாள் நானா அதை அழிரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்.

"சரியான எழுத்துதான நானா?"

"சரிதான். ஆனா அது கேட்டது இல்லயே தம்பி. தெரிஞ்சிக்கிட்டது."

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று நினைத்தேன். அதற்கும் விடை வீட்டிலேயே இருந்தது. ராத்தா, அதாவது அவருடைய மனைவி, அடுப்படியிலிருந்து ஏதோ வாங்கிவரச் சொல்வார். தாளிக்கிற சத்தத்தில் ஒரு சொல் அமுங்கிவிடும். தேங்காயா மாங்காயா என்று ஊகித்துப் போகிற சாதாரணப் புருஷன் இல்லையே இவர். கடைத்தெரு வரை போய், நினைவு வந்தவராகத் திரும்பிப் படியேறி, "நடுவுல ஒரு சொல் போயிட்டு" என்று நிற்பார்.

"வெள்ளிக்கெழம வேற என்னத்தயா வாங்குவீங்க? நாப்பது வருசமா எறச்சிதானே!" என்று ராத்தா கரண்டியோடு வருவார்.

"நீங்க செல்லிட்டீங்க, இப்ப போறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்.

அவர் கடையிலேயே பெரிய வேடிக்கை, மலிவு எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் விற்பதுதான். அவைதான் அவருடைய ரேடியோவுக்கு எமன். எரியும்போது நம் காதுக்குக் கேட்காத, ரேடியோவுக்கு மட்டும் கேட்கிற இரைச்சலைக் கிளப்புகிறவை. ஆகவே பல்ப் வாங்க வருகிறவருக்கு அதை எரித்துக் காட்டும்போது பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவையும் பிடித்துப் பார்ப்பார். கொர்ரென்றால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். "வெளிச்சம் வருதில்ல நானா, அப்புறம் என்ன?" என்று தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சிரிப்பார்கள்.

ஓர் ஆடித் திருவிழாவின்போது இரைச்சல் தாங்க முடியாமல், அந்தச் சின்ன ரேடியோவைக் கையில் ஏந்திக்கொண்டு வீதி வீதியாக மோப்பம் பிடித்துப் போனார். கூடவே நானும். அது எங்களை அம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கோயில் கமிட்டித் தலைவருக்கு முகம் மாறியது.

"என்னா நானா, பாட்டுச் சத்தம் எடஞ்சலா இருக்கா?"

"பாட்டு போடுங்க, எனக்கு ஒண்டும் இல்ல. ஒங்கட லைட்தான் சத்தம் போடுது."

தலைவர் விளக்கையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரே சிரிப்பு. அம்மன் உருவத்தில் எரிந்த அலங்கார விளக்கின் மின்பெட்டியைக் கடையிலிருந்து கொண்டுவந்த வேறொன்றால் தானே மாற்றிக் கொடுத்தார். "நம்ம விளக்குச் சத்தம் போடுறது நமக்குத் தெரியல, நானாவுக்குக் கேட்டிருக்கு பாரு" என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

எல்லாமே சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. கடைக்கு எதிரே ஒரு லொறி, கொழுந்து எடுக்கிற பெண் ஒருத்தியை அடித்துக் காலை முறித்துவிட்டது. லொறிக்காரன் ஹார்ன் அடித்தேன் என்கிறான். அடிக்கவே இல்லை என்கிறார்கள் அவள் வீட்டார். கடையில் இருந்தவர் நானா ஒருவர்தான். ஹார்ன் அடிக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "எனக்கு ஹார்ன் கேக்கல்ல. கேக்கல்ல எண்டா அடிக்கல்ல எண்டு செல்ல ஏலாது. நான் அந்நேரம் உள்ளுக்கு நிண்டேன்" என்றார். எத்தனையோ தடவை கேட்டும் அதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணின் தாய் கடை வாசலில் நின்று மண்ணை அள்ளித் தூற்றினாள். நானும் அவரோடு நான்கு நாள் பேசவில்லை. அந்த மண்ணை அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் தானே கூட்டித் தள்ளியதை நினைத்து ஐந்தாம் நாள் பேசினேன்.

அவரோடு ரேடியோவில் பேசுகிறவர்களில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. லுணுகலைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தின் டிஸ்பென்சரிக்காரர். மருந்து கொடுக்கிறவரானாலும் எங்களுக்கு அவர் டொக்டர் ஐயா. நானாவின் கடைக்கு பெட்டரி வாங்க வந்து, பேச்சு வளர்ந்து, அவரும் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கிவிட்டார். ஒரு சின்ன மெஷின், ஒரு கார் பெட்டரி, டிஸ்பென்சரிக்குப் பின்னால் சவுக்கு மரத்தில் கட்டிய கம்பி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் மழை, கொழுந்து, முழங்கால் வலி என்று பேசிக்கொள்வார்கள். நடுவில் மலை இருப்பதால் அவர் குரல் எப்போதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் வரும்.

மலைநாடு முழுக்க மண் சரிந்த அந்த மழை நாட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. பதுளை பாதை மூடிவிட்டது. நான் வேலைக்குப் போகவில்லை. முதலில் கரண்ட் போனது, அப்புறம் போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கீழே கடைக்கு முன்னால் ஒரு பெக்கோவும், ஒரு ட்ரக் நிறைய ஆமிக்காரர்களும் நின்றார்கள். மண் தோண்ட அந்தப் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரு பெக்கோதான். எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாததால், அவர்களுடைய அதிகாரி நானாவை ரேடியோவில் காதை வைத்திருக்கச் சொல்லியிருந்தார்.

காலையில் மெஷினைக் கார் பெட்டரியில் மாட்டிவிட்டு நானா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வந்து கேட்டுப் பாருங்க. ஊர்ல கரண்ட் இல்ல, ஒரு பல்ப் இல்ல, சார்ஜர் இல்ல. இப்பிடியொரு அமைதி இந்த மெஷின்ல நான் கேட்டதே இல்ல."

முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அடுத்த கணமே, ஊர் இருக்கிற நிலையில் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இடி இருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் ஸ்பீக்கர் படபடவென்று வெடித்தது.

டொக்டர் ஐயாவின் குரல் அதற்கு நடுவில்தான் வந்தது. ஒரு சொல் வரும், இடி அடுத்ததை விழுங்கும். நானா எழுதியதும் நான் கேட்டதும் ஒன்றுதான்: கோடு. லயம். கோடு. கீழ. கோடு. க்கணக்கு. கோடு. ஆளுக உள்ள.

"மறுபடி செல்லுங்க. முதல் சொல் கேக்கல்ல. மறுபடி" என்று நானா மைக்கில் நிதானமாகச் சொன்னார். இரண்டாவது தடவை இன்னும் மெலிந்து வந்தது. "க்கணக்கு" மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை குரலே இல்லை. யாரோ அந்தப் பக்கம் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. பெட்டரி தீர்ந்திருக்க வேண்டும்.

"கணக்கு எண்டா என்ன? எத்தின பேர் எண்டு கணக்கு செல்றாரா?" என்றார் நானா.

லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு என்று அவருக்குத் தெரியும். கணக்கு டவுனில் பிறந்தவருக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒரு டிவிஷனைக் கணக்கு என்போம். எங்கள் தோட்டத்தில் இரண்டு. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு. பேச்சில் மேக்கணக்கு, கீக்கணக்கு. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையடியில் பாதை பிரியும். ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். டொக்டர் ஐயா இருந்தது ஸ்டோரடியில். இரண்டுக்கும் பொதுவான இடம்.

என் அக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கீழ்க்கணக்கு லயத்தில் இருந்தார்கள். இரண்டு நாளாக அவளோடு பேச முடியவில்லை.

"கீழ்க்கணக்கு" என்றேன்.

"கீழ எண்டு கேட்டிச்சி. கணக்கு எண்டும் கேட்டிச்சி. நடுவுல இடி ஈக்கி. சேத்து கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சேத்தா?"

"சேத்துத்தான் நானா! நான் பொறந்த எடம், எனக்குத் தெரியாதா?"

"தெரியிறது வேற தம்பி..." என்று ஆரம்பித்தார். நான் அதற்குள் படியில் இறங்கிவிட்டேன்.

மேலேயா கீழேயா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "பஹல" என்றேன். கீழே. அவ்வளவு சுத்தமாக நான் எந்த வாக்கியத்தையும் மொழிபெயர்த்ததில்லை. நானா கொப்பியோடு பின்னாலேயே இறங்கி வந்து, தனக்கு முதல் எழுத்துக் கேட்கவில்லை என்று அதே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்தார். ஒருவன் கேட்டது என்கிறான், அந்தத் தோட்டத்துப் பிள்ளை வேறு. மற்றவர் கேட்கவில்லை என்கிறார். நீங்களாக இருந்தாலும் யார் பேச்சைக் கேட்பீர்கள்? நானும் ட்ரக்கில் ஏறிக்கொண்டேன்.

ஸ்டோரடியில் பாதை பிரிந்தபோது ஆள் நடமாட்டமே இல்லை, டிஸ்பென்சரியும் பூட்டியிருந்தது. நிறுத்தி விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. கீழே திரும்பினோம்.

கீழ்க்கணக்கில் எல்லோரும் முதல் நாள் மாலையே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். லயம் முழுசாக நின்றது. அக்கா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள்.

"ஏன்டா, ஆமிக்காரங்களயெல்லாம் கூட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நிமிடம் எனக்கிருந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன், வேறெதுவும் இல்லை. பிறகுதான் தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியாக, முழங்கால் வரை சேற்றோடு ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தோம். "இங்க இல்லைங்க, மேல, மேல!" என்று கத்தினார். "க்கணக்கு"க்கு முன்னால் நானா போட்ட கோட்டில் இருந்தது "மே" என்கிற எழுத்துதான் என்று அப்போது விளங்கியது. எங்களுக்குப் பின்னால் ஸ்டோர் போகிற பாதையிலும் மண் இறங்கியிருந்தது. பெக்கோ அதை ஒதுக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. ஆமிக்காரர்கள் மண்வெட்டியோடு தேயிலை வழியாக ஏறி முன்னாலேயே போனார்கள். நானும் போனேன். அங்கே ஒரு லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

மூன்றாம் நாள் பசறைக்குத் திரும்பியபோது நானா கேட்டது ஒன்றுதான். "அக்கா சொகமா?"

"சொகம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி அழலாம் என்று இருந்தேன். அவர் கடையில் பல்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே எல்லோரும் மழையையும் இடியையும்தான் குறை சொன்னார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் பதுளையிலேயே அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இப்போது அக்காவைப் பார்க்கப் போகும்போது பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறது. நான் மற்றப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் அறையைக் காலிசெய்து போவதற்கு முன் ஒரு காலை டொக்டர் ஐயா வந்தார். பத்து வயது கூடியவர்போல் இருந்தார். மாடியில் ரேடியோ அறையில் உட்கார்ந்தார். ராத்தா தந்த தேநீர்க் கேத்தலோடு நான் கதவடியில் நின்றேன்.

"மூணு வாட்டி சொன்னேன் நானா. மேக்கணக்கு லயம் மண்ணுக்குக் கீழ போயிருச்சு, மேக்கணக்கு, ஆளுக உள்ள இருக்காங்கன்னு. மத்தியானம் வரைக்கும் உள்ளேருந்து சத்தம் வந்துச்சு. யாரோ தகரத்தத் தட்டுனாங்க. நாங்க கையாலயே தோண்டுனோம். அந்தச் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு, கேக்குதா கேக்கலயான்னு நாங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டோம்" என்றார். பிறகு, "யாரு நானா கீக்கணக்குன்னு சொன்னது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நானா கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினார். "எனக்குக் கேட்டது இவ்வளவுதான் ஐயா" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை. டொக்டர் ஐயா ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் எனக்காகத்தான் விடப்பட்டிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"டீ ஊத்தட்டுமா ஐயா?" என்றேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, ஒங்க அக்கா கீக்கணக்குலதான இருக்கு? புள்ளைங்கல்லாம் நல்லாயிருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாயிருக்காங்க ஐயா."

"அது போதும். அங்கயாவது ஒண்ணும் ஆகலயே" என்று சொல்லிவிட்டு, நான் ஊற்றிய தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.